போத்தலுக்குள் வேர்விட்ட பலா

தம்பி,

உன் சுகத்தைப் பிறகு விசாரிக்கிறேன். முதலில் செய்தியைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு எழுத்தே ஓடாது. பலா வேர்விட்டுவிட்டது. இன்று காலை எட்டு மணிக்கு ஆய்வுகூடத்து வளர்ப்பறைக்குள் போய், தட்டில் இருந்த போத்தல்களை வழக்கம்போல் ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதினேழாம் இலக்கப் போத்தலில், கறுப்புக் கூழுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, தையல் நூல் கனத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பூஞ்சணம் என்றுதான் முதலில் நினைத்தேன். போத்தலைத் துடைத்தேன், என் மூக்குக் கண்ணாடியையும் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பூஞ்சணம் பஞ்சு மாதிரிப் படரும். இது நேராகக் கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று இருந்தது. போத்தலைத் திருப்பினால் மூன்றாவது. நான் கத்தினேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது, கூடத்தை நடத்தும் நிரோஷா மிஸ் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்தார். ஐம்பத்து நாலு வயதில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, நான் அந்த அறைக்குள் குதித்தேன் என்று கூட வேலை செய்யும் செல்வி சொல்கிறாள். குதித்திருப்பேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நுவரெலியாவில் உன் ஹோட்டல் குசினிக்குள் நான் எப்போது போன் எடுத்தாலும் "அம்மா, அடுப்புல வேலையா நிக்கிறேன்" என்பாய். அது உன் பிழை இல்லை. ஆனால் உனக்குக் கல்யாணம் நடக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். அது இந்த வேரோடு சேர்ந்த சங்கதி. சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. போனில் சொன்னால் சந்தோஷத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் இந்த மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று நீ கோபப்பட்டது நினைவிருக்கிறதா? இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்து, மலை ஏற முடியாமல் நின்ற பிறகு, ஹட்டனுக்கு வெளியே பழைய தேயிலைக் களஞ்சியத்தைத் திருத்தி ஒரு ஆய்வுகூடம் தொடங்கியிருக்கிறார்கள், போத்தல் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். "இந்த வயசுல போய் போத்தல் கழுவப் போறீங்களாம்மா?" என்றாய். எனக்கும் அது போத்தல் கழுவுகிற இடமாகத்தான் தெரிந்தது. போன முதல் வாரத்தில்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தேன். ஒரு வாழைக் கன்றின் அடிக்கிழங்கைச் சீவிச் சீவி, நடுவில் பயறு அளவுக்கு ஒரு குருத்து மிஞ்சும்வரை சீவுகிறார்கள். அதைக் கிருமி போகக் கழுவி, சீனியும் உப்புகளும் கடல்பாசியும் சேர்த்துக் காய்ச்சிய கூழின் மேல் வைத்து மூடுகிறார்கள். சில வாரங்களில் அந்தப் பயறு இரண்டாகிறது, நாலாகிறது, ஒரு போத்தல் நிறைய வாழை நிற்கிறது. வெளியே பனி மூடி எதிர்மலை தெரியாத நாளிலும் அந்த அறைக்குள் சித்திரை மாதத்து வெளிச்சம். நான் கழுவ வேண்டிய போத்தல்களை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நிரோஷா மிஸ் கம்பளைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவர் திட்டவில்லை, உள்ளே வந்து பாருங்கள் என்று கையைக் காட்டினார். ஆறு மாதத்தில் என்னை வெட்டும் மேசையில் உட்கார வைத்தார். சுத்தமான காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு பெட்டி, ஸ்பிரிட் விளக்கு, இடுக்கி, கத்தி. கொழுந்து கிள்ளிய விரலுக்கு எங்கே நறுக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்தது. உனக்கு நான் இதையெல்லாம் சொன்னதே இல்லை. நீ கேட்கவில்லை என்று மனதுக்குள் ஒரு வீம்பு.

இனி பலா. மஸ்கெலியாவில் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நின்ற மரத்தை நீ மறந்திருக்க மாட்டாய். இவ்வளவு குளிரில் பலா நின்றாலும் ஒழுங்காகக் காய்ப்பதில்லை. நம் மரம் மட்டும் வருடா வருடம் அடியிலிருந்து காய்த்துத் தள்ளியது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் வகுப்பில் நீ அதன் கொட்டை ஒன்றைப் பாடசாலை வேலியோரம் புதைத்துவிட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடிமட்டத்தால் அளந்து வந்து எனக்குச் சொல்வாய். அது உன் உயரத்தைத் தாண்டி, கூரையைத் தாண்டி வளர்ந்தது. ஒரு பிஞ்சுகூட விடவில்லை. லயத்தில் பலபேர் போட்ட கொட்டையும் அப்படித்தான். நீ "கொட்டை என்னை ஏமாத்திருச்சு" என்று அழுதாய், நான் சிரித்தேன். ஏன் என்று எனக்கும் அப்போது தெரியாது. நிரோஷா மிஸ்தான் சொன்னார், பலாக்கொட்டை ஒவ்வொன்றும் தனி மரம், தாய் மாதிரியே இருக்கும் என்ற கட்டாயம் இல்லை, அதே மரம் வேண்டுமென்றால் அந்த மரத்தின் துண்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று. முன்பு தோட்டத்தில் சிலர் ஒட்டுக் கட்டியும் பார்த்தார்கள். மலைக் குளிரில் ஒட்டு பிடிக்கவில்லை.

போன வருடத்துக்கு முந்திய பெருமழையில் லயத்துக்கு மேலே மண் வெடித்தது உனக்குத் தெரியும். எல்லாரையும் வீட்டை விட்டு இறக்கிவிட்டார்கள். பிறகு அதிகாரிகள் வந்து அளந்து பார்த்து, வெடித்த மண்ணில் இவ்வளவு பாரமான மரம் நிற்கக் கூடாது, கீழே குடிசைகள் இருக்கின்றன, வெட்டத்தான் வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. நான் மறுநாள் நிரோஷா மிஸ்ஸிடம் போய் நின்றேன். வாழையும் அன்னாசியும் செய்கிற கூடத்தில் பலாவைச் செய்யலாமா என்று கேட்டேன். அவர், முதிர்ந்த மரம், பால் வடிகிற மரம், மிகவும் கஷ்டம் என்றார். பிறகு, மரத்தைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் உன் அப்பா உயிரோடு இருந்த காலத்துக்குப் பிறகு வந்ததில்லை.

கஷ்டம் என்று அவர் சொன்னதன் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. கிளை நுனிகளை வெட்டிக்கொண்டு வந்து, கழுவி, போத்தலில் வைத்தோம். வெட்டிய இடத்தில் பால் கசிந்து, மறுநாளே கூழ் தேயிலைச் சாயம் மாதிரிக் கறுத்து, நுனி கருகிவிடும். கருகாததில் பூஞ்சணம் வரும். கூழில் கரித்தூள் போட்டோம். இருட்டில் வைத்தோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை புதுக் கூழுக்கு மாற்றினோம். எண்பது போத்தல் வைத்து எழுபத்தாறைக் கொட்டினோம். நாலு மிஞ்சியது. நாலும் பச்சையாக, சுத்தமாக நின்றன. கூழ் காய்ச்சுவது செல்வியின் வேலை. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், நாளுக்கு நாலு வார்த்தை பேசுவாள். அவள்கூட அந்த நாலு போத்தலைக் காலையிலும் மாலையிலும் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

அந்த நாலையும் கொன்றது நான்தான் தம்பி.

வெட்டும் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாருக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அன்றைக்குக் காலையில் நீ ஒரு முக்கியமான விஷயம் சொல்லக் கூப்பிடுவதாகச் செய்தி அனுப்பியிருந்தாய். அதனால் மேலங்கிப் பைக்குள் வைத்திருந்தேன். நாலு போத்தலும் மேசையில், விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, நீ கூப்பிட்டாய். எழுந்து கதவோரம் போய் எடுத்தேன். நீ ஜெனிட்டாவைப் பற்றிச் சொன்னாய். பாலர் பாடசாலை டீச்சர், நல்ல பிள்ளை, வேதக்காரக் குடும்பம், ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர்கள் என்றாய். உன் குரலில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பது இப்போது கேட்கிறது. அப்போது கேட்கவில்லை. நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய், அதனால் நானே எழுதுகிறேன். "வேதக்காரிய கட்டிட்டு வந்தா அப்பா படத்துக்கு யாரு வெளக்கேத்துவா? எனக்கு மகனே இல்லன்னு நெனச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். வெளியே போய்க் கையைத் திரும்பக் கழுவியிருக்க வேண்டும், கத்தியை மாற்றியிருக்க வேண்டும், அல்லது அன்றைக்கு வேலையையே நிறுத்தியிருக்க வேண்டும். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அதே கையோடு உட்கார்ந்து நாலையும் வெட்டி மாற்றினேன். ஐந்தாம் நாள் நாலு போத்தலிலும் கூழுக்கு மேலே பால் ஊற்றியது மாதிரி வெள்ளை.

நாலிலும் ஒரே நேரத்தில் கிருமி வந்தால் முதலில் கூழைத்தான் சந்தேகப்படுவார்கள். செல்வி பெரிய குக்கரில் ஆவி சரியாகப் பிடிக்கவிடாமல் இறக்கியிருப்பாள் என்று முடிவாயிற்று. நிரோஷா மிஸ் சத்தம் போடவில்லை, ஆனால் அவளைக் கூழ் அறையிலிருந்து எடுத்துப் போத்தல் கழுவ அனுப்பினார். அவள் குழாயடியில் நின்று கழுவினாள். நான் பதினொரு நாள் அவளைத் தாண்டிப் போனேன், வந்தேன். பதினொரு நாளும் நீயும் கூப்பிடவில்லை. இரண்டையும் மனதுக்குள் ஒன்றாகப் போட்டு, உன் மேல்தான் கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் அவள் கழுவிக் கவிழ்த்த போத்தல்களை எடுக்கப் போனபோது, அவள் கை விரல் இடுக்கெல்லாம் சவர்க்காரத்தில் வெந்து சிவந்திருந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே மிஸ்ஸின் அறைக்குப் போனேன்.

"மிஸ், கூழ்ல பிழை இல்லைங்க. நான்தான் போன் பேசிட்டு கை கழுவாம வெட்டினேன்" என்றேன்.

மிஸ், "இவ்வளவு நாள் ஏன் அக்கா சொல்ல இல்ல?" என்று தன் தமிழில் கேட்டார். பயம் என்றேன். கழுவுகிற இடத்துக்கே திரும்ப அனுப்பிவிடுவீர்கள் என்ற பயம். அவர் அப்படித்தான் செய்தார். ஒரு மாதத்துக்கு மேல் நான் போத்தல் கழுவினேன், செல்வி கூழ் அறைக்குத் திரும்பினாள். நியாயமான தீர்ப்பு. அறையை விட்டு வெளியே வந்ததும் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "எனக்குத் தெரியுங்கக்கா. குக்கர நான் ரெண்டு தரம் பாத்துத்தான் எறக்குவேன். யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போதே உன்னைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வா என்றேன். நீ உடனே சரி என்றாய். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, நீயும் எதிர்பார்க்கவில்லை. அதற்குள் மரத்தை வெட்டிவிட்டார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. மரம் விழுந்து ஏழெட்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை செல்வி ஈரத்துணியில் எதையோ சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை தன் மாமியார் வீட்டுக்குப் போனவள், அந்த வழியாக இறங்கி, வெட்டிய அடிமரத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருக்கிறாள். அடிமரத்தைச் சுற்றி விரல் நீளத்துக்குத் துளிர் வெடித்து நின்றதாம். இளஞ்சிவப்பாக, எண்ணெய் தடவியது மாதிரி. அவளை யாரும் போகச் சொல்லவில்லை. மரம் அவள் லயத்து மரமும் இல்லை. மிஸ் அதை விரித்துப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கிளை நுனியைவிட அடியில் வெடிக்கும் துளிர் இளமையானது, பால் குறைவு, இதுதான் சரியான துண்டு, இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னார். அன்றே என்னைக் குழாயடியிலிருந்து கூப்பிட்டு வெட்டும் மேசையில் உட்கார வைத்தார். போன் வெளியே அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு ஒரே ஓட்டமாகத்தான் நினைவிருக்கிறது. கறுப்பது குறைந்தது. ஒன்று மூன்றாகக் கிளைத்தது. மூன்று ஒன்பதானது. ஒருமுறை மின்சாரம் இரண்டு நாள் நின்று பாதியை இழந்தோம். மறுபடி பெருக்கினோம். இலை வந்தது, வேர் வரவில்லை. மாதக்கணக்கில் வரவில்லை. உப்பைப் பாதியாக்கினோம், வேர்மருந்தைக் கூட்டினோம், குறைத்தோம். மிஸ் கொப்பியில் எழுதுவார், செல்வி காய்ச்சுவாள், நான் வெட்டுவேன். மூன்று பெண்கள் ஒரு வேருக்காகக் காத்திருந்தோம். இன்று வந்தது. இனி அதைப் போத்தலிலிருந்து எடுத்து மண்ணுக்குப் பழக்க வேண்டும், அதில் எத்தனை சாகுமோ தெரியாது. காய்க்கிறதா என்று பார்க்க இன்னும் பல வருடம் இருக்கிறது. இதை உன் கல்யாணத்தோடு சேர்த்து நான் ஏதாவது பாடம் சொல்வேன் என்று பயப்படாதே. செடி செடிதான்.

காலையில் கூத்தெல்லாம் அடங்கிய பிறகு மிஸ் பதிவுக் கொப்பியைத் திறந்தார். புது வகைக்கு ஒரு பெயர் போட வேண்டுமாம், நீங்களே எழுதுங்கள் அக்கா என்று பேனாவை என்னிடம் தந்தார். எல்லாரும் நான் தோட்டத்தின் பெயரை எழுதுவேன் என்று நினைத்தார்கள். நான் "செல்வி" என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள். முகம் சிவந்து கூழ் அறைக்குள் போய்விட்டாள். உள்ளே குக்கர் மூடியை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள்.

நீ ஒரு வீட்டை நடத்தப் போகிறாய், அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். பிழை செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஜெனிட்டாவிடம் சொல், வேலைத்தளத்தில் சொல், எனக்கும் சொல். நான் பதினொரு நாள் சொல்லாமல் இருந்தது செல்வியின் கையில் தெரிந்தது. உனக்கு ஒரு வருடத்துக்கு மேல் சொல்லாமல் இருந்தேன், அது எங்கெங்கே தெரிந்ததோ, நான் பார்க்கவில்லை. அன்று நான் பேசியது பாவம். மன்னித்துக்கொள். அப்பாவின் படத்தை நான் சாக்காக இழுத்தேன். உண்மை என்னவென்றால், நீ என்னைக் கேட்கும் முன்னாலேயே ஒரு முடிவை எடுத்துவிட்டாய் என்ற ஆத்திரம். வேறு ஒன்றுமில்லை.

இன்று காலை வேரைப் பார்த்ததும் வெளியே வந்து போனை எடுத்து நான் முதலில் கூப்பிட்டது உன்னை இல்லை, ஜெனிட்டாவை. ஏன் என்று தெரியவில்லை, விரல் அந்த இலக்கத்துக்குத்தான் போனது. பாலர் பாடசாலை தொடங்கும் முன் எடுத்தாள். வேரைச் சொன்னேன், அந்தச் சூட்டிலேயே மற்றதையும் சொல்லிவிட்டேன். அவளைப் பற்றி அன்று உன்னிடம் என்ன சொன்னேன் என்பதை, சொல்லுக்குச் சொல். அவள் சொன்னாள்:

"தெரியும் அத்தை. நான் அன்னிக்கு அவர் பக்கத்துலதான் நின்னேன். நீங்க சந்தோஷப்படுறத நானும் கேக்கணும்னு ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு."

தம்பி, நீ இதை என்னிடம் சொல்லவே இல்லை. அவளும் சொல்லவில்லை. அதைக் கேட்டுவிட்டும் அந்தப் பிள்ளை நம் வீட்டு வாசலுக்கு வந்தாள், என் கையால் பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டாள், இரண்டாம் தரம் வந்தபோது எனக்கு முழங்காலுக்குத் தைலம் வாங்கி வந்தாள். ஒரு வருடமாக அத்தை அத்தை என்கிறாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் கூச்சல் போடுவது கேட்டது. அவள்தான் பேச்சை மாற்றினாள். எப்போது வந்து பார்க்கலாம், உள்ளே விடுவார்களா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை செடிகளைப் பார்ப்பது என் முறை, கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்றேன். "அப்ப பூசை முடிஞ்சதும் பஸ் ஏறிடுறேன் அத்தை. மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்லதான்" என்றாள்.

நம்ம வீடு என்றாள். உன்னாலும் வர முடிந்தால் வா. லீவு கிடைக்காவிட்டால் அவசரப்படாதே, அடுப்பைப் பார்த்துக்கொள். அவள் வருகிறாள்.

உன் அம்மா